ஆதம்பாவா காக்கா கேட்ட அலுமாரி

நம் எல்லோருக்கும் அண்ணனாக இருந்த சாய்ந்தமருது ஆதம்பாவா காக்கா மவுத்தாகிவிட்டார். செவ்வாய்க்கிழமை, சுபஹுத் தொழுகைக்குப் பின். உயிர் பிரிந்தது திங்கள் இரவு என்று சிலர் போஸ்ட் போட்டிருக்கிறார்கள். அது பிழை, திருத்திக்கொள்ளவும்.

'மூத்த கவிஞர்' என்று எழுதுகிறீர்கள். உண்மைதான். ஆனால் தமது கவிதைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, நம் முன்னோர் அறபு எழுத்தில் எழுதிவைத்த தமிழ்ப் பாட்டுகளைத் தேடுவதிலேயே அவர் வாழ்நாள் கழிந்தது.

அறபு எழுத்துள்ள தாள் கிழிந்தால் நம் ஊர்களில் குப்பையில் போடுவதில்லை. குர்ஆன் ஏடாக இருக்குமோ என்று அஞ்சி, சாக்கில் கட்டி மரியாதையோடு கடலில் விட்டுவிடுவோம். அந்தச் சாக்குகளோடு போகவிருந்த பாட்டுகளைத்தான் அவர் வீடுவீடாக ஏறி மீட்டார்.

ஒருமுறை என்னையும் பாலமுனைக்குக் கூட்டிப்போனார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த சனிக்கிழமை. "ஓதுற கிதாபு காக்கா, தரக்கூடா" என்ற வீட்டுக்காரப் பெண், விரித்து மட்டும் காட்டினார். காக்கா நின்றபடியே வாசித்தார். மாமியாரை ஏசி ஒரு மருமகள் பாடிய பாட்டு...

"இதுக்கா இவ்வளவு காலமும் சந்தனக்குச்சி கொளுத்தின நாங்க?" என்று அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கெதியாக் கொண்டு போங்க, உள்ளுக்க மாமி இரிக்கா."

சேர்த்தவற்றை வைக்க ஓர் அலுமாரி கேட்டு அவர் ஏறாத அலுவலகம் இல்லை. ஒவ்வொரு முறையும் விழா எடுத்தார்கள். பொன்னாடைகள் கிடைத்தன. அலுமாரி கிடைக்கவில்லை.

"இந்த வெக்கையில எனக்கென்னத்துக்குப் போர்வை?" என்று ஒரு மேடையிலேயே கேட்டார். சபை கைதட்டியது. அவர் அந்தப் பொன்னாடைகளை வீட்டுக்குக் கொண்டுபோய், அவற்றால் ஏடுகளைச் சுற்றி வைத்தார்.

மரண வீட்டுக்கு என்னால் வியாழக்கிழமைதான் போக முடிந்தது. ஏடுகள் இருந்த மூலை வெறுமையாக இருந்தது. மருமகனிடம் கேட்டேன்.

"மாமாட கிதாபெல்லாம் கிழிஞ்சி கிடந்திச்சி சேர். ஆக்கள் வந்து போற வீடு, கால்ல பட்டாப் பாவம். நேத்து கைகால் கழுவி ஒழு எடுத்து, பிஸ்மி சொல்லி, கடல்ல விட்டுட்டம்."

"எல்லாவற்றையுமா?"

"ஓம் சேர். ஒண்டையும் மிச்சம் வெக்கல்ல. பொன்னாடைய மட்டும் கழட்டி எடுத்த நாங்க. நல்ல துணி."

துவைத்து மடித்து, கதிரையில் அடுக்கியிருந்தார்கள். அவை வெறும் பாட்டுகள் என்று காக்கா சொல்லாமல் விட்டவரல்ல. அந்த வீட்டில் காது கொடுத்தவர்தான் இல்லை.

ஞாயிறு மாலை நினைவுக் கூட்டமாம். குடும்பத்தின் சார்பில் மருமகனுக்குப் பொன்னாடை போர்த்துவார்களாம். கமெண்டில் அழைத்தவர்களுக்கு: நான் வரமாட்டேன்.

அந்தப் பாலமுனைப் பாட்டில் முதல் இரண்டு அடிகள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. மூன்றாவது அடி... இரண்டு நாட்களாக யோசிக்கிறேன், வரவில்லை.

உங்கள் கபுறுக்குழியில் வெளிச்சம் இருக்கட்டும், காக்கா.