பூங்கொடி என்று கூப்பிட்டார்கள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ராயபுரத்தில் ஐந்தாவது வரை படித்ததோடு சரி. நடந்ததில் பாதி மறந்தும் போகிறது, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சங்கத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் என்னைக் கூட்டத்தில் பேசச் சொன்னார்கள். நாலு பேர் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

1. தெருவில் பார்த்தால்

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான சங்கம் எங்களுடையது. எனக்கும் இருக்கிறது, அப்படித்தான் களப்பணியாளர் வேலை கிடைத்தது. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார்களா என்று விசாரிக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக வேண்டும். வக்கீல் தேவைப்பட்டால் இலவச சட்ட உதவி மையத்துக்கு அழைத்துப் போக வேண்டும். முதல் நாள், அப்போது பொறுப்பாளராக இருந்த லில்லி அக்கா ஒரே ஒரு விதி சொன்னார்.

"ரோட்ல, பஸ்ல, சர்ச்ல, எங்க பாத்தாலும் நீ மொதல்ல பேசாத. சிரிக்கவும் சிரிக்காத. அவங்களா பேசினா பேசு. உன்னத் தெரிஞ்சவங்கன்னா இன்னா சீக்குன்னு பாக்கறவன் ரோசன பண்ணுவான்."

எனக்கு அது கஷ்டமாகத் தெரியவில்லை. நான் எப்போதுமே யாரையும் முதலில் கூப்பிடுகிறவள் இல்லை.

2. பெயர் வைத்தது

சங்கத்துக்கு வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அவள் எண்ணூர்ப் பக்கம். காசிமேட்டில் இறால் உரிக்கப் போவாள். புருஷன் டிரெய்லர் லாரி ஓட்டியவர், நோயில் இறந்துபோனார். காரியம் முடிந்ததும் மாமியார் பேத்தியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு இவளை மட்டும் வெளியே அனுப்பிவிட்டார். குழந்தைக்கு நாலு வயது. டெஸ்ட் எடுத்து, நோய் இல்லை என்று வந்திருந்தது.

லீவு கிடைத்தால் சடையங்குப்பம் போய் மாமியார் வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். போவதற்கு முன் எலுமிச்சம்பழம் தேய்த்துக் கையைக் கழுவுவாள். ஒருவேளை குழந்தையைத் தூக்கச் சொல்லிவிட்டால் இறால் நாற்றம் அடிக்கக் கூடாதே என்று. உள்ளேயிருந்து பதில் வரும்: "நீ தொட்டா கொயந்தைக்கும் ஒட்டிக்கும். போ, அது தூங்குது."

"எப்பப் போனாலும் தூங்குதாங்க்கா எம் பொண்ணு. நைட் டூட்டி பாத்துட்டு வர்றாளாட்டம்," என்பாள் என்னிடம். சிரிக்கத்தான் செய்வாள். கை மட்டும் முந்தானையில் துடைத்துக்கொண்டே இருக்கும்.

சட்ட உதவி மையத்தில் வாசலிலேயே ஒருவர் "இன்னா கேசு?" என்று எல்லார் எதிரிலும் கேட்டார். "குடும்பக் கேசு, மத்ததை வக்கீல்கிட்ட சொல்றோம்" என்றேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள். நோயின் பெயரைத் தனி அறையில், கதவைச் சாத்திய பிறகுதான் சொல்ல வேண்டும். பெண்களுக்கு அங்கே வருமானம் பார்ப்பதில்லை, வக்கீலுக்குக் காசு தர வேண்டியதும் இல்லை. இது தெரியாமலேயே அவள் ஒரு வருஷம் அந்தக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

எங்களுக்குக் கொடுத்த பேனல் வக்கீல் சின்ன வயசுப் பெண். "பயப்படாதீங்க. நமக்குன்னு சட்டம் இருக்கு. கோர்ட்ல பெர்மிஷன் வாங்கி உங்க பேரை மறைச்சு, வேற பேர்ல கேஸ் நடத்தலாம். என்ன பேர் போடட்டும்?" என்றார்.

அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. வக்கீலம்மாவே யோசித்து, "பூங்கொடி?" என்றார்.

"எங்க ஏரியாவுல பூவும் கெடையாது கொடியும் கெடையாது மேடம். கம்பெனி பைப்புதான் கீது," என்றாள் அவள். வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அந்தப் பெயரே நின்றுவிட்டது.

3. கூப்பிட்டது

முதல் வாய்தாக்களில் வக்கீலம்மா எங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தார். கூப்பிட்டதும் அவர் எழுந்திருப்பார், நாங்கள் பின்னால் போவோம். குழந்தையைப் பார்க்க விடுவதா வேண்டாமா என்று ஜட்ஜ் சொல்ல வேண்டிய நாளில், அவருக்கு வேறு கோர்ட்டிலும் ஒரு கேஸ் இருந்தது. "கூப்பிட்டா உள்ள போய் நில்லுங்க, ஓடி வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் காலையிலேயே எலுமிச்சம்பழம் தேய்த்து வந்திருந்தாள். கோர்ட் டவாலி வெளியே வந்து, "பூங்கொடி!" என்று கூப்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி, "பூங்கொடி!"

"எவளோ வரல போலகீதுக்கா," என்றாள்.

"பாவம், எங்க பூட்டாளோ," என்றேன் நான்.

எங்கள் இருவருக்கும் அவள்மேல், அந்தப் பூங்கொடிமேல், உண்மையிலேயே பாவமாக இருந்தது. அப்போது எதிர் பெஞ்சிலிருந்து மாமியார் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.

"யக்கா, அவ கேசுக்கு எங்க மாமியா எதுக்கு உள்ள போவுது?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். டவாலி மூன்றாவது தடவையும் கூப்பிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். அவளுக்கு வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை.

"கீறா! பூங்கொடி இங்க கீறாய்யா!"

நான்தான் கத்தியது. வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அப்படி ஒரு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

"காது செவுடா? எத்தினி வாட்டி கூவறது?" என்றார் டவாலி. "பேஜாரா கீது உங்களோட. போ போ, உள்ள போ."

வக்கீலம்மாவும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். வாரம் ஒருநாள் குழந்தையைப் பார்க்கலாம் என்று அன்றைக்கு உத்தரவானது. முதல் வாரம் கோர்ட்டிலேயே ஓர் அறையில் சந்திக்க விட்டார்கள். குழந்தை பாட்டியின் பின்னால் ஒளிந்துகொண்டு வெகுநேரம் வரவில்லை. அவள் கூப்பிடவில்லை, கையை மட்டும் நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு குழந்தை மெதுவாக வந்து கையை முகர்ந்து பார்த்து, "எலுமிச்சங்கா" என்றது. நான் வெளியே வந்துவிட்டேன்.

4. பஸ்ஸில்

இரண்டு வருஷம் போல் கேஸ் நடந்து குழந்தை அவளிடமே வந்தது. பழைய தெருவில் எல்லாருக்கும் விஷயம் தெரியும் என்று வீட்டை மாற்றிக்கொண்டு மாத்தூர்ப் பக்கம் போனாள். மருந்தும் வேறு சென்டருக்கு மாற்றிக்கொண்டாள். போன் நம்பரையும் மாற்றிவிட்டாள். அது சரிதான். நம்மை மறந்துவிட்டு நன்றாக இருக்கிறார்கள் என்றால் நம் வேலை முடிந்தது என்று அர்த்தம். எனக்குப் பிள்ளைகள் இல்லை. பஸ்ஸில் ஏறினால் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

சில வருஷம் கழித்து, போன மழைக்கு முன்னால், திருவொற்றியூர் போகிற பஸ்ஸில் ஸ்கூல் யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண் எழுந்து, "ஆயா, நீங்க உக்காருங்க," என்றது. உட்கார்ந்து நிமிர்ந்தால் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் அவள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். அவள் பேசவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தேரடியில் அவர்கள் இறங்கினார்கள். நான் இறங்க வேண்டிய இடமும் அதுதான். அம்மாவும் பெண்ணும் கைகோத்துக்கொண்டு முன்னால் போகிறார்கள், கூட்டம் மறைக்கிறது. அவள் பெயர் வாய் வரைக்கும் வந்தது. கூப்பிடக் கூடாது. இந்த முறை விட்டால் இந்தக் கண்ணால் இனிப் பார்ப்பேனோ என்னவோ. அப்போதுதான் யாருடையதும் இல்லாத அந்தப் பெயர் ஞாபகம் வந்தது.

"பூங்கொடி!"

பெண்தான் திரும்பிப் பார்த்தது. "யாரும்மா பூங்கொடி?"

அவள் திரும்பவில்லை, நின்றாள். எனக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்: "எவளையோ கூப்பிட்றாங்கடி. பாவம், எங்க பூட்டாளோ."

குரலில் சிரிப்பு இருந்தது. அதே சிரிப்பு. அப்புறம் போய்விட்டார்கள்.

புதுப் பெண்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். கேஸில் பெயரை மாற்றினால், அந்தப் பெயரைச் சொல்லி நாலு நாள் கூப்பிட்டுப் பழக்குங்கள். தெருவில் பார்த்தால் லில்லி அக்கா சொன்னபடி நடங்கள். நான் அன்றைக்கு விதியை மீறினேனா இல்லையா என்று கேட்க அக்கா இப்போது இல்லை.

பூங்கொடி என்பதும் கோர்ட்டில் வைத்த பெயர் இல்லை, இதற்காக மாற்றியது. ஊரும் மாற்றியிருக்கிறேன். வக்கீலம்மா ஒருமுறை படித்துப் பார்த்து, சட்டம் தப்பாக இருந்தால் திருத்த வேண்டும். அவள் யாரென்று தெரிந்துவிடும் போலிருக்கும் இடங்களை அடித்துவிடவும். எலுமிச்சம்பழத்தை மட்டும், முடிந்தால், விட்டுவைக்கவும்.