கூட்டல் குறியின் மேல் உட்கார்ந்த இரண்டு

டைப்ரைட்டரில் எக்ஸ் ஸ்கொயர் அடிக்க, உருளையைத் திருப்பிக் காகிதத்தை அரை வரி இறக்கி, இரண்டைத் தட்டி, மறுபடி ஏற்ற வேண்டும். எழுபதுகளில் காஞ்சிபுரத்தில் இதைப் பார்க்காமலே செய்யத் தெரிந்தவள் ஒருத்தி. எங்கள் தெருமுனை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கல்லூரிக் கணக்கு வினாத்தாள்களை அடித்துக்கொடுத்தாள். தறிக்கார வீட்டுப் பெண். அவள் இடது கை உருளையைத் திருப்புவதைப் பார்ப்பதற்காகவே, யாருக்கும் அனுப்பாத மனுக்களை அங்கே அடிக்கக் கொடுத்துவந்தேன்.

அப்போது சென்னையில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதும் வேலை எனக்கு. அங்கிருந்த பிரிண்டருக்கு அரை வரி என்றால் தெரியாது. ஆகவே அடுக்கு எண்களை ஒரு வரியிலும் மற்றவற்றை அடுத்த வரியிலும் அச்சிட வைத்தேன்; பார்வைக்கு எக்ஸின் தோளில் இரண்டு நிற்கும். அவளுக்கு வேலூரில் மாப்பிள்ளை பார்த்திருப்பதாகக் கேள்வி. இந்தத் தாளைக் காட்டும் சாக்கில் என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டுவிடுவது என் திட்டம்.

தாளைப் பார்த்தாள்.

"இன்னா சார் இது, ரெண்டு போய் கூட்டல் குறி மேல குந்திக்கினு இருக்குது?"

உட்கார்ந்துதான் இருந்தது, எல்லா வரியிலும்.

"ஒரு இழை தள்ளிப்போச்சு சார். எங்கப்பா பாத்தா அறுத்துட்டு மறுபடி போடுன்னுவாரு."

வரியின் முதல் எழுத்தை அச்சிடாமல் விழுங்கிவிடுவது அந்த பிரிண்டரின் வழக்கம். மேல்வரியில் அதற்கென ஒரு இடைவெளி வைத்த நான், கீழ்வரியில் மறந்திருந்தேன்; முதல் எக்ஸை விழுங்கி, கீழ்வரி முழுக்க ஓர் எழுத்து இடப்பக்கம் நகர்ந்துவிட்டது. அலுவலகத்தில் மற்றவர்களுக்கு இந்த விதியைச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

"சரி பண்ணி எடுத்துக்கினு வரேன்" என்றேன்.

"எடுத்துக்கினு வாங்க. சீக்கிரமா எடுத்துக்கினு வாங்க சார்." அவள் சிரிக்கவில்லை.

அப்போது புரோகிராமை வரிக்கொரு அட்டையாகத் துளையிட்டுத்தான் இயந்திரத்துக்குக் கொடுப்போம்; மாற்ற வேண்டியது ஒரே ஒரு அட்டை. ஆனால் படிவம், மேலதிகாரி கையெழுத்து, வரிசை. இயந்திரத்தை இயக்குபவர் என் நண்பர். கேட்டிருந்தால் அன்றைக்கே ஓட்டிக்கொடுத்திருப்பார். முறை தவறக்கூடாது என்று நான் கேட்கவில்லை. தாள் கைக்கு வர மூன்று வாரம் ஆனது. அவள் மேசையில் வேறொரு பெண், உருளையைக் குனிந்து பார்த்துப் பார்த்துத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

இப்போது என் கம்ப்யூட்டரில் ² என்பது தனி எழுத்து. தட்டினால் வந்து தன் இடத்தில் நின்றுவிடுகிறது. எனக்கென்னவோ ஒவ்வொரு முறையும் இடது கை லேசாக உயர்கிறது.

திருத்திய தாள் பீரோவில் இருக்கிறது. அதில் ஒரு தப்பும் இல்லை.