கழுத்தில் பட்ட கை

என் மகள் ஆடுவது ரக்பி லீக். பதின்மூன்று பெண்கள் பந்துக்காக வேறு பதின்மூன்று பெண்கள் மேல் விழுவதைப் பார்க்க, மொன்றியல் குளிரில் நின்று கை தட்டுகிறோம். பரதநாட்டியத்துக்கு விட்டிருக்கலாம் என்பாள் மனைவி. விட்டோம். அங்கேயும் பக்கத்தில் ஆடிய பிள்ளைக்கு முழங்கையால் ஒன்று விழுந்தது.

லவாலில் நடந்த ஆட்டத்தில், பந்தோடு ஓடி வந்தவளை மகள் மறித்தாள். கை கழுத்தில் பட்டுவிட்டது. தோளுக்கு மேலே கை போனால் இந்த ஆட்டத்தில் குற்றம். நடுவர் மகளைப் பத்து நிமிடம் வெளியே இருத்தினார். போதாதென்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தார். பிறகு ஒரு குழு வீடியோ பார்த்து விசாரிக்கும் என்று அர்த்தமாம்.

"மற்றப் பிள்ளைதான் குனிஞ்சவள்! கண் தெரியாதோ?" என்று கத்தினேன். நடுவருக்குத் தமிழ் தெரியாதது என் அதிர்ஷ்டம்.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஓர் ஆட்டத் தடை. மறுத்துத் தோற்றால் இரண்டு. இரண்டாவது இறுதி ஆட்டம், அதுவும் போய்விடும். மறுத்து வென்றால் தடையே இல்லை. மறுப்பதென்று நான் முடிவெடுத்தேன். விசாரணை எனக்குப் புதிதா என்ன? அகதியாக வந்த புதிதில் டவுன்டவுனில் ஓர் அதிகாரி முன்னால் இருந்தவன் நான். "கதை ஒரு சொல்லும் மாறக் கூடாது" என்று அன்று என் வழக்கறிஞர் சொன்னதை அப்படியே மகளுக்கு இறக்கினேன். அவள் புட்டுச் சாப்பிடும்போதுகூட விடவில்லை.

"அவள் எந்தப் பக்கத்தால வந்தவள்?"

"அப்பா, வீடியோ இருக்கு."

"வீடியோவை விடு. கதை மாறப்படாது."

அஹுன்ட்சிக்கில் இருக்கும் எங்கள் வீட்டுக் குசினி மேசையில்தான் விசாரணை. கணினித் திரையில் மூன்று பேர். கமராவுக்குத் தெரியாமல் நான் குளிர்சாதனப் பெட்டியோடு ஒட்டி நின்றேன். தலைவியாக இருந்த பெண் குற்றத்தை ஏற்கிறாயா என்று கேட்டார். இல்லையென்று சொல்லச் சொல்லி என் தலையை ஆட்டினேன். கழுத்து சுளுக்காதது பெரிய காரியம்.

மகள் என் பக்கம் திரும்பவே இல்லை. ஏற்கிறேன், களைத்துப்போய்க் கையை உயரப் போட்டுவிட்டேன், என் பிழை என்று பிரெஞ்சில் சொன்னாள். அடிபட்டவளுக்கு இப்போது எப்படி என்றும் விசாரித்தாள். அவள் சுகம் என்றார் தலைவி. "உன்னை நம்புகிறோம். ஓர் ஆட்டம்தான். இறுதி ஆட்டத்தில் நன்றாக ஆடு." அவ்வளவுதான் விசாரணை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன் பிள்ளை ஒத்துக்கொண்டனி?"

"நான் அடிச்சனான்தானே அப்பா. உண்மையைச் சொன்னா நம்புவினம்."

மனைவி என்னைப் பார்த்தாள். அன்று டவுன்டவுனில் அவளும் என் பக்கத்தில் இருந்தவள். நாங்களும் உண்மையைத்தான் சொன்னோம். நம்பும்படியாக இல்லை என்று தள்ளிவிட்டார்கள். மேன்முறையீடு செய்துதான் இந்த நாட்டில் தங்கினோம். பெற்ற பிள்ளை மேல் பொறாமைப்படுவது வெட்கக்கேடு. பட்டேன்.

"ஓம் பிள்ளை," என்றேன். "நம்புவினம்."