ஒன்பது காட்டிய முலாம்பழம்

பீங்கான் தட்டுத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் அவர் பார்த்த வேலை இதுதான்: இடது கை விரல் நுனிகளில் தட்டை நிறுத்தி, வலது கை ஆள்காட்டி விரலை மடக்கி ஒரு சுண்டு சுண்டுவார். ‘ணங்’ என்றால் பாஸ். ‘டொக்’ என்றால் உள்ளே எங்கோ முடியளவு கீறல். டொக் என்ற தட்டைப் பக்கத்திலிருக்கும் தகர டிரம்மின் விளிம்பில் அடித்து உடைத்துவிட வேண்டும். உடைக்காமல் வைத்தால் தொழிலாளிகள் வீட்டுக்கு எடுத்துப்போய் அதில் சாப்பிட்டுவிடுவார்களே என்று நிர்வாகத்துக்குக் கவலை. அந்தக் கவலையை அவர் சொந்தக் கவலையாகவே எடுத்துக்கொண்டார். “சார், ஓரந்தான் லேசா கோணல். புள்ளைக்கு வெச்சிக்கிறேன் சார்” என்று கேட்ட பெண்களின் கண் முன்னாலேயே உடைத்தார். அவர் லீவு போட்ட நாட்களில் அந்தப் பெண்கள் பெரிய பையோடு வேலைக்கு வந்தார்கள் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

ஓய்வு பெற்ற அன்று தொழிற்சாலை ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தது. ஒரு வாரம் சோதித்துப் பார்த்து, நாற்பது விநாடி பின்தங்குகிறது என்று கடிதத்தோடு திருப்பி அனுப்பினார். தெருவில் அவருக்குத் ‘தரம்’ என்று பெயர் வைத்தார்கள். அதைப் பாராட்டு என்றே அவர் நம்பினார்.

ஒரே மகள். ஆறு வருடத்துக்கு முன் ஒரு நாள், தான் கட்டிக்கொள்ளப் போகிறவரை வீட்டுக்கு அழைத்து வந்தாள். தையல் மெஷின் ரிப்பேர் செய்பவர். கைசுத்தமான வேலைக்காரர், சிரித்த முகம், இடது காதில் மட்டும் கேட்பதற்கு ஒரு சின்னக் கருவி. தரம் அவரை மரியாதையாக உட்கார வைத்தார். பிறகு எழுந்து, அவர் முதுகுக்குப் பின்னால் போய், ஒரு ஸ்பூனைத் தரையில் போட்டார். எடுத்து மறுபடி போட்டார். இன்னொரு முறையும் போட்டார். சமையலறைக்குள் போய் மனைவியிடம் அறிக்கை கொடுத்தார்: “மூணு தடவை போட்டேன். ஒரு தடவைதான் திரும்பினான். சரிப்படாது.”

அந்த அறிக்கை வாசிக்கப்பட்டபோது மகள் அங்கேதான் நின்று டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள். வடிகட்டியை வைத்துவிட்டு, வந்தவரை அழைத்துக்கொண்டு போனவள்தான். கல்யாணம் நடந்தது, அவர் இல்லாமலே நடந்தது. அம்மாவைப் பார்க்க எப்போதாவது வருவாள். கேட்டுக்கு வெளியே நின்று பேசிவிட்டுப் போவாள். ஆறு வருடத்தில் அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

முலாம்பழத்துக்கும் இதற்கும் முதலில் சம்பந்தமே கிடையாது. கடையில் விற்கும் பழமெல்லாம் மருந்தில் குளித்தது என்று அவர் தீர்ப்பு எழுதிவிட்டதால், துவைக்கும் கல்லுக்கும் மதில் சுவருக்கும் நடுவே கிடந்த துண்டு நிலத்தில் தானே விளைவிப்பது என்று முடிவானது. இருபத்துநாலு விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்தார். பத்தொன்பது முளைத்தன. முளைவிட்டதில் நேராக நின்ற ஆறை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை, சற்றுச் சாய்ந்து நின்றன என்ற குற்றத்துக்காகப் பிடுங்கினார். மக்கிய சாணம், வேப்பம் புண்ணாக்கு, இலையில் சாம்பல் பூத்தால் நீர்த்த மோர். இதைத் தவிர வேறெதுவும் அந்த மண்ணைத் தொடக்கூடாது. வண்டுகளைக் கையால் பொறுக்கினார். காலையில் ஆண்பூவைக் கிள்ளி, அடியில் குட்டிக் காய் தாங்கிய பெண்பூவில் தடவினார். தன் மகள் விஷயத்தில் காட்டாத தாராளத்தைப் பூக்கள் விஷயத்தில் காட்டினார். எந்தப் பூவையும் கேள்வி கேட்கவில்லை.

பதினொரு காய் நின்றது. ஒவ்வொன்றையும் பழைய பனியன் துணியில் தொட்டில் கட்டித் தாங்கி, காம்பில் எண்ணும் தேதியும் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் மகளிடமிருந்து அம்மாவுக்குப் போன் வந்தது. மருமகனுக்கு வெளிநாட்டில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வேலை. மாதக் கடைசியில் இரண்டு பேரும் போகிறார்கள். திரும்பி வர எத்தனை வருடமாகும் என்று தெரியாது. பீரோவில் இருக்கும் சர்டிபிகேட்டை எடுக்க ஒரு நாள் மதியம் வருவாள். பேச்சோடு பேச்சாக அம்மா முலாம்பழக் கதையைச் சொன்னாள்.

“அப்பாவா? செடி வெச்சாரா?” மகள் சிரித்துவிட்டாள். “சரிம்மா. அவர் கையால விளைஞ்சதுன்னா ஒரு துண்டு சாப்பிடறேன். சொல்லிடு.”

அம்மா சொன்னாள். அவர் தோட்டத்துக்குப் போய், பதினொரு காயையும் மறுபடி ஒருமுறை எண்ணினார். அன்றிலிருந்து அது தோட்டமாக இல்லை, தொழிற்சாலையாகிவிட்டது. மகள் வாயில் போகப்போகும் துண்டு குறையில்லாததாக இருக்க வேண்டும். அவருக்குத் தெரிந்த மன்னிப்புக் கடிதம் அதுதான். அதில் எழுத்துப்பிழை இருக்கக் கூடாது.

ஆகவே சோதனை ஆரம்பமானது. மூன்றாம் எண் காயில் தோலின் வலைக்கோடு ஒரு பக்கம் சரியாக விழவில்லை, நீக்கம். ஒன்பதாம் எண் முட்டை மாதிரி நீண்டுவிட்டது, நீக்கம். ஐந்தில் எறும்பு. இனிப்பை அளக்க ஒரு கருவி வரவழைத்தார். கண்ணாடியில் ஒரு சொட்டுச் சாறு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் எண் தெரியும். பத்துக்குக் கீழே போனால் மட்டம் என்று கூட வந்த காகிதம் சொன்னது. ஒன்றாம் எண் பழம் இனிப்பில் பதினொன்று காட்டியது. ஆனால் வெட்டிப் பார்த்ததில் விதைக்குழி நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருந்தது. அதுவும் நீக்கம்!

நீக்கப்பட்டதையெல்லாம் மண்வெட்டியால் நசுக்கி எருக்குழியில் தள்ளினார்.

“ஏங்க, வாசம் ஊரையே தூக்குது. ஒரு துண்டு குடுங்களேன், நானாவது வாயில போட்டுக்கறேன்” என்றாள் மனைவி.

“ரிஜெக்ட் ஆனதை வீட்டுக்குள்ள எடுக்கக் கூடாது.”

“அப்ப நான் குழிக்குள்ள எறங்கித் தின்னட்டுமா?”

மதிலுக்கு அந்தப்புறம் தையல்காரம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். “அக்கா, நீங்க எறங்காதீங்க. உங்களையும் சேத்து நசுக்கிடுவாரு” என்றாள். பிறகு அவரைப் பார்த்து, “சார், பழுக்கற வாரத்துல இவ்வளவு தண்ணி ஊத்தாதீங்க. இனிப்பு நீத்துப்போகும். எங்கம்மா கொல்லையில பாத்திருக்கேன்.”

“உங்கம்மா அளந்து பாத்தாங்களா?”

“தின்னு பாத்தாங்க.”

“அதெல்லாம் கணக்குல வராது.”

“வராது, வராது. உங்க மருமகன் ரிப்பேர் பண்ணிக் குடுத்த மெஷின் கூட ஆறு வருஷமா ஒரு தையல் விட்டதில்ல. அதுவும் உங்க கணக்குல வரல.” தையல்காரம்மா கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே போனாள்.

இலை வாடித் தெரிந்தால் மகள் என்ன நினைப்பாள் என்று அவர் அன்றும் இரண்டு வாளி கூடுதலாக ஊற்றினார்.

மகள் வரும் நாளன்று மிச்சமிருந்தது ஏழாம் எண் ஒன்றுதான். அழகென்றால் அப்படியொரு அழகு. வலை ஒரே சீராக, காம்பைச் சுற்றி வட்டமாக வெடிப்பு விட்டு, கட்டைவிரலால் அழுத்தியதும் தானாகக் கையில் வந்து விழுந்தது. சுண்டிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். மனைவி தட்டையும் கத்தியையும் கழுவித் தயாராக வைத்தாள்.

“அப்படியே முழுசா வைங்க. அவ வந்து அவளே வெட்டட்டும்.”

“சோதிக்காத பொருள் வெளிய போகக் கூடாது.”

“அது வெளிய போகலங்க. நம்ம புள்ள வாய்க்குப் போகுது.”

அவர் அடிப்பக்கத்தில் விரல் பருமனுக்கு ஒரு துண்டைத் தோண்டியெடுத்து, சாற்றைப் பிழிந்து, கருவியை ஜன்னலுக்கு நேரே பிடித்தார். துடைத்துவிட்டு மறுபடி பிடித்தார். மூன்றாவது முறையும் துடைத்துப் பிடித்தார். மூன்று முறையும் ஒன்பது.

மணி இரண்டே முக்கால். மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

மனைவி அவர் முகத்தைப் பார்த்ததுமே ஓடி வந்தாள். “வேணாங்க. ஒன்பதுன்னா என்ன, இனிப்புதானே? அவ நாக்குல கருவியா வெச்சிருக்கா? குடுங்க இப்படி. குடுங்கன்னா!” பழத்தின் ஒரு பக்கத்தை அவள் பிடித்தாள், மறுபக்கத்தை அவர் பிடித்தார். முப்பத்தோரு வருடப் பழக்கமுள்ள கை ஜெயித்தது. பின்கட்டில் மண்வெட்டி இரண்டே முறை விழுந்த சத்தம் கேட்டது. மனைவி, கழுவிய தட்டை மறுபடியும் கழுவ ஆரம்பித்தாள்.

மூன்று மணிக்கு ஸ்கூட்டர் வந்து நின்றது. மருமகன் கேட்டுக்கு வெளியே வண்டியிலேயே இருந்தார். மகள் ஆறு வருடத்துக்குப் பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தே விட்டாள்! அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். “எங்கம்மா பழம்?”

அம்மா அவரைப் பார்த்தாள்.

“ஒன்பதுதான் இருந்தது” என்றார் அவர்.

“ஒன்பது பழமா?”

“இனிப்பு. கொறஞ்சது பத்து இருக்கணும். அதனால உடைச்சிட்டேன். உனக்கு மட்டமானதைக் குடுக்கக் கூடாதுன்னுதான்...” சட்டைப் பையிலிருந்து கருவியை எடுத்து நீட்டினார். “நீயே வேணா பாரு. சாறு கொஞ்சம் இன்னும் அதுல இருக்கு.”

மகள் அதை வாங்கினாள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். “ஆமாம்பா. ஒன்பதுதான்” என்றாள். கருவியை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போய் பீரோவைத் திறந்து சர்டிபிகேட் ஃபைலை எடுத்துக்கொண்டாள்.

“தண்ணியாவது குடிச்சிட்டுப் போடி” என்றாள் அம்மா.

“வேணாம்மா. தாகமில்ல.”

அம்மாவைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அவரிடம், “உடம்பப் பாத்துக்கங்கப்பா” என்றாள். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சொல்வது போல, குறை சொல்ல முடியாத மரியாதையோடு சொன்னாள். செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டினாள்.

மருமகன் வண்டியைக் கிளப்பும் முன் திரும்பிப் பார்த்து, கையை உயர்த்தி, “வரேன் மாமா” என்றார். தரத்தின் வலது கை மெல்ல எழுந்தது. பாதி எழுந்த கைக்கு மேற்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. வண்டி நகர்ந்ததும், அது இறங்கி, கேட்டின் தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிறதா என்று பார்க்கப் போய்விட்டது.

ஒழுங்காகத்தான் விழுந்தது.