ரோசனைக்குத் திமிருன்னு பேரு

போர்வெல் மோட்டார் சர்வீஸ்ல மோட்டார் போடற சத்தத்தை மட்டும் கேட்டாப் போதாதுங்க, மோட்டாருக்குச் சொந்தக்காரர் பேசறதையும் அதே நேரத்துல கேக்கணும். எனக்கு அது வராது. எங்க பக்கம் யோசனையை ரோசனைம்பாங்க; நான் ரோசிக்க ஆரம்பிச்சா வாய் பூட்டிக்கும், மூஞ்சி கல்லாட்டம் ஆயிரும். உள்ளுக்குள்ள கணக்கு ஓடிட்டு இருக்கும்; பாக்கறவங்களுக்கு அது திமிராத் தெரியும். இதைப் படிக்கறவங்கள்ல என்னாட்டம் ரோசனைக்காரங்க யாராச்சும் இருந்தா வாங்க, பக்கத்துல உக்காருங்க. நம்ம வெசனம் நமக்குத்தான் தெரியும்.

என் பேர் கோகிலா. பெரியநாயக்கன்பாளையத்துல ஒரு பம்ப் கம்பெனியில சர்வீஸ் வேலை. தோட்டந்தோட்டமாப் போகணும். வேலை நிரந்தரம் ஆகற நேரத்துல என்மேல வந்த புகாரெல்லாம் ஒரே மாதிரி: வேலை சுத்தம், ஆளு திமிரு. "இன்னொரு புகார் வந்துச்சுன்னா உனக்கு ஸ்டோர் ரூம்தான்"னு மேனேஜர் சொல்லிப்போட்டார். ஸ்டோர் ரூம்ல நட்டு போல்ட்டோட குடித்தனம் பண்ணலாம், சம்பளமும் குறையாது. ஆனா நின்னுபோன மோட்டார் எதனால நின்னுச்சுன்னு கண்டுபிடிக்கற சந்தோசம் எனக்கு வேற எதுலயும் கிடைச்சதில்லீங்க. அதை விட்டுட்டு உக்காந்திருக்க என்னால ஆகாது.

கண்ணை மூடினதுக்கு வந்த வினை

உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. மோட்டார் ஓடுது, தண்ணி விட்டு விட்டு வருது. பைப்புல கையை வெச்சுக் கண்ணை மூடிக்கிட்டேன். அப்பத்தான் அதிர்வு நல்லாப் புரியும். தோப்புக்காரர் பின்னாடியே நின்னு மழை இல்லாதது, தேங்காய் விலை, மருமகன் பண்ற அழிச்சாட்டியம்னு வரிசையாச் சொல்லிட்டு இருந்திருக்கார். எனக்கு ஒண்ணும் காதுல விழல.

கீழ தண்ணி இறங்கிப்போச்சு, மோட்டாரை இன்னும் கொஞ்சம் ஆழத்துல இறக்கணும்னு சொல்லிட்டு வந்துட்டேன். இறக்கினார், தண்ணியும் வந்துருச்சு. அப்புறம் ஆபீசுக்குப் போன் போட்டார்:

"ஏனுங்க, தண்ணி நல்லா வருதுங்க. ஆனா மோட்டார் பாக்க ஆளனுப்புங்கன்னா, நின்னுட்டே தூங்கறதுக்கு ஆளனுப்பிருக்கீங்களே?"

தெரியாததும் குத்தம்

பவானியில ஒரு ஜமக்காளக் கடைக்காரர் ஊடு. புது மோட்டார் கருகிப்போச்சு. "எதனாலீங்க?"ன்னு கேட்டார். எனக்கு ரெண்டு மூணு சந்தேகம் இருந்துச்சு, ஆனா எதுவும் உறுதியாகல. மத்தவங்களா இருந்தா "வோல்டேஜுங்க"ன்னு ஒத்தை வார்த்தையில தப்பிச்சிருப்பாங்க. பொய்யா ஒரு காரணம் சொல்ல எனக்கு நாக்கு வளையாதுங்க. நேரா அவர் கண்ணைப் பாத்து "எனக்கு இன்னும் தெரியலீங்க"ன்னேன். அதுல என்ன திமிர் இருக்குன்னு நீங்களே சொல்லுங்க. அவர் என்னை ஏற இறங்கப் பாத்தார்.

"தெரியலைங்கறதையே இத்தனை தெகிரியமாச் சொல்ற ஆளை இப்பத்தானுங்க அம்மணி பாக்கறேன்."

ஸ்டெல்லா

ஆபீஸ்ல போன் எடுக்கற ஸ்டெல்லாதான் எனக்கு வர்ற வசவையெல்லாம் முதல்ல வாங்கிக்கறவ. "அந்தப் புள்ள கோவிக்கலீங்க, ரோசிக்குதுங்க"ன்னு எத்தனை பேருகிட்ட எனக்காகச் சொல்லியிருப்பாளோ. என் வேலை அதுவரைக்கும் தப்பிச்சதே அவளாலதான், அந்த நன்றி எனக்கு எப்பவும் உண்டு. ஒரு நாள் டீ குடிக்கறப்ப, "சரியாத்தானே சொல்றேன், அப்புறம் ஏன் எல்லாருக்கும் என்மேல கடுப்பு?"ன்னு அவகிட்டயே புலம்பினேன். அவ டம்ளரைக் கீழ வெச்சா.

"உம்மண்டைக்குள்ள ஓடறது உனக்கு மட்டுந்தான் கேக்குது கோகிலா, எங்களுக்கு உன் மூஞ்சி மட்டுந்தான் தெரியுது."

வாய்விட்டு ரோசிச்ச கதை

அவ சொன்னது நியாயமாப் பட்டுச்சு. அடுத்து, முந்தியே ஒருக்கா போயிருந்த ஒரு தோட்டத்துல மனசுல ஓடறதையெல்லாம் வாய்விட்டே சொன்னேன். "மோட்டார் காயில் கருகியிருக்கலாம்... கேபிள் அறுந்திருக்கலாம்... போர்வெல்லே இடிஞ்சு மோட்டார் உள்ள மாட்டியிருக்கலாம்..." தோட்டக்காரர் வேர்த்து விறுவிறுத்து வரப்புல உக்காந்துட்டார். கடைசியில பாத்தா ஒரு ஃபியூஸ்தான்.

"அம்மணி, இனிமே நீங்க முந்தியாட்டமே உம்முன்னு இருந்துக்கங்க, என்ற நெஞ்சு தாங்காது."

மோர்

மரகதக்கா குடும்பம் முந்தி அடுத்தவங்க தோட்டத்துல கூலிக்குப் போனவங்க. இப்பச் சொந்தமா நிலம் வாங்கித் தக்காளி போட்டிருந்தாங்க. எங்க பக்கம் ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொறக்கறதுக்கு முந்தியே "எந்த ஊருங்க, யாரு ஊட்டுப் புள்ளைங்க?"ன்னு விசாரிச்சுருவாங்க. நானும் சொன்னேன். தோட்டம் தொரவோட இருக்கற குடும்பம்னு அந்தக்காவுக்குப் புரிஞ்சுபோச்சு.

அடிக்கடி நிக்கற மோட்டாரைப் போட்டுட்டு, ஸ்டார்ட்டர் எப்ப விழுந்து அதை நிறுத்துதுன்னு காதைக் குடுத்து நின்னேன். அக்கா மோரை நீட்டினாங்க. திரும்பிக்கூடப் பாக்காம உள்ளங்கையைக் காட்டி நிறுத்திட்டேன். ஒரு ஒயர் லூசாகியிருந்துச்சு, முடுக்கினேன், மோட்டார் ஓடுச்சு. டூல்ஸ் எடுத்து வெக்கறப்ப அக்கா நிதானமாச் சொன்னாங்க, "பரவால்லீங்க, எங்க ஊட்டுல குடிக்காத ஆளுகளை நாங்க புதுசாவா பாக்கறோம்."

மத்தவங்க திமிர்னு சொன்னப்ப எனக்குக் கோவம் வந்துச்சு. அன்னைக்கு வரல. வேலைக்கு வர்றவங்களுக்குன்னு தனி டம்ளரை வாசலுக்கு வெளிய சொருகி வெச்சிருந்த ஊட்டுலதான் நான் வளந்தேன். அந்தக்கா அப்படி நினைக்கறதுக்கு எல்லாக் காரணமும் இருந்துச்சு. "அக்கா, காதுல மோட்டார் இருந்தா எனக்குக் கண்ணுல ஆள் தெரியாதுங்க. மோர் குடுங்க, குடிக்கறேன்"னேன். "தீந்துபோச்சுங்க"ன்னாங்க. சொம்பு நிறைய மோர் அங்கேயேதான் இருந்துச்சு. வண்டியில வர்ற வழியெல்லாம் அழுதேன். ஸ்டோர் ரூமுக்குப் போட்டாலும் போடட்டும், அந்தக்கா மனசுல நான் அப்படியே தங்கிறக்கூடாதேன்னு இருந்துச்சு.

மறுநாள் அதே ஊர்ல ஒரு பெரிய தோட்டம். தோட்டத்துக்காரர் பெரிய கவுண்டர் காப்பி டம்ளரோட வந்து பேச்சைத் தொடங்கினார். சொன்னா நம்பமாட்டீங்க, நான் மறுபடியும் அதே கையைக் காட்டி அவரை நிறுத்திட்டேன். நேத்து அழுததெல்லாம் அந்த நிமிசம் ஞாபகத்துல இல்லீங்க. நான் வண்டி ஏறறதுக்குள்ள புகார் ஆபீசுக்குப் போயிருச்சு, ஊருக்குள்ளயும் பரவிருச்சு. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, திங்கக்கிழமையில இருந்து ஸ்டோர் ரூம்னு சொல்லிப்போட்டார்.

சனிக்கிழமை மரகதக்கா போன் பண்ணினாங்க. ஸ்டெல்லா லைனை மேனேஜர் டேபிளுக்குக் குடுத்து, ஸ்பீக்கரையும் போட்டுவிட்டா. தம்பி தோட்டத்துல மோட்டார் நின்னுபோச்சுன்னாங்க அக்கா. ஆள் அனுப்பறோம்னார் மேனேஜர். அப்புறம் அக்கா சொன்னதைக் கேட்டுட்டு, பக்கத்துல நின்ன என் கையிலயே அந்த விலாசத்தை எழுதிக் குடுத்தார். ஸ்டோர் ரூம் பேச்சை அதுக்கப்புறம் எடுக்கவே இல்ல.

"பெரிய தோட்டத்துக்காரரையும் அந்தப் புள்ள அப்படியேதான் கையைக் காட்டி நிறுத்துச்சாமுங்க, அப்ப எங்களுக்குன்னு தனிக் கை இல்லீங்க, அந்தப் புள்ளையவே அனுப்பி வெய்யுங்க, மோர் எடுத்து வெக்கறேன்."

திமிரோ ரோசனையோ, அதைப் பெரியவங்க சின்னவங்கன்னு பாக்காம எல்லார்கிட்டயும் ஒரே அளவாக் காட்டிப்போட்டேன், அதுவே என்னைக் காப்பாத்துச்சுங்க, அந்தப் புண்ணியம் மரகதக்காவுக்கும் ஸ்டெல்லாவுக்கும், சொன்னா அவருக்குக் கடுப்பாகும், பெரிய கவுண்டருக்கும் சேரட்டும்.