வலது புருவத்துக்கு மேல்

கல்யாணசுந்தரிக்கு எங்கள் தெருவில் ‘செவப்புத் தொப்பி’ என்று பட்டப்பெயர். காரைக்கால் போலீஸ்காரர் தலையில் இருக்குமே, அதை வைத்துத்தான் கேலி. பாலில் விரல் விட்டுப் பார்ப்பாள். புளி விற்கிறவனை உருண்டையைப் பிய்த்துக் காட்டச் சொல்வாள். அடுத்த வீட்டுக்காரி நான், கைமாற்றாகக் கொடுத்த காப்பித்தூளையே முகர்ந்து பார்த்து வாங்கினவள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் ஆபத்து என்றால் அவள் கதவைத்தான் தட்டுவேன்.

அவளுடைய அக்கா ராஜம் நேர் எதிர். யார் எதைச் சொன்னாலும் நம்புவாள். இருவரும் புருஷனை இழந்து ஒரே வீட்டில் இருந்தார்கள். ராஜத்தின் ஒரே பிள்ளை அம்பலவாணன். பரீட்சையில் தோற்றதற்கு அப்பா அடித்தார் என்று வீட்டை விட்டுப் போனவன், பத்து வருஷத்துக்கு மேலாகியும் திரும்பவில்லை. வாசல் கதவுக்குச் சுந்தரி தாழ்ப்பாள் போடுவாள். அக்கா எழுந்து போய் எடுத்துவிடுவாள்.

எழுபத்தொன்பதில், மாங்கனித் திருவிழா முடிந்த மறுநாள், ஒரு சாமியார் வந்தான். வேறு ஊராக இருந்தால் ‘கை வேலையா இருக்கேன், போயிட்டு வாங்க’ என்று அனுப்பிவிடலாம். எங்கள் ஊரில் அந்த நாட்களில் முடியாது. சிவனே அடியாராகப் பசியோடு வந்து மாம்பழம் வாங்கிச் சாப்பிட்ட ஊர் இது. காவி கட்டி வாசலில் நிற்கிறவனைத் துரத்த எந்தக் கிழவிக்கு மனசு வரும்? அந்தப் பாவிக்கு அது தெரிந்திருந்தது.

சுந்தரி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். தயிர்ச்சோறும் மாம்பழமும் தின்றுவிட்டு, “வீட்டை விட்டுப் போன உசுரு ஒண்ணு உன் நெஞ்சை அறுக்குது தாயி” என்றான். “ஐயோ, எங்க அம்பலவாணனா!” என்று ராஜமே பெயரை எடுத்துக் கொடுத்தாள். அப்புறம் அவனுக்கு என்ன கஷ்டம்? பிள்ளை காசியில் ஒரு மடத்தில் இருக்கிறானாம். சாயங்கால வண்டிக்குச் சாமியாரோடு கிளம்பினால் பார்த்துவிடலாமாம். நகைகளை மஞ்சள் துணியில் முடிந்துகொள்ள வேண்டுமாம். யாரிடமும் மூச்சு விட்டால் பலன் கெட்டுவிடுமாம்.

கொல்லைப்பக்கம் அவள் பட்டுப்புடவையை மடித்து மூட்டை கட்டுவதைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. கேட்டால் வாயைத் திறக்கவில்லை. கடைக்கு ஓடிப்போய்ச் சுந்தரியை இழுத்து வந்தேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. நீர்மோர் கொண்டுவந்து சாமியார் கையில் கொடுத்தாள். அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: “சாமி, புள்ள நெத்தியில அந்தத் தழும்பு இன்னும் இருக்குதுங்களா?”

“இருக்குது தாயி. வலது புருவத்துக்கு மேல.”

“அக்கா, கேட்டுக்கிட்டியா? நம்ம பயலுக்கு நெத்தியில தழும்பு ஏது?”

நான் போட்ட கூச்சலில் தெருவே திரண்டுவிட்டது. சாமியார் மோர்ச் செம்பைப் போட்டுவிட்டு ஓடினான். நல்லவேளை, ஒரு குன்றிமணித் தங்கம்கூடப் போகவில்லை. அடுத்த மாதமே பக்கத்து ஊரில் ஒரு கிழவியின் சங்கிலியோடு அவன் பிடிபட்டதாகக் கேள்விப்பட்டோம். சுந்தரி அதை அக்காவிடம் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன்.

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ராஜம் நிமிரவே இல்லை. “திருடனாவே இருக்கட்டும்டி. திருடன் என் புள்ளையப் பாத்திருக்கக் கூடாதா? போன எடத்துல எங்கயாவது விழுந்து தழும்பு ஆயிருக்கக் கூடாதா? எந்தப் பக்கம்னு நீ கேக்கவே இல்லியே. அவராத்தானே வலது பக்கம்னு சொன்னாரு.”

அன்றைக்கு ராத்திரி சுந்தரி என் வீட்டுக்கு வந்தாள். “நான் செஞ்சது சரிதானே கமலா?” என்று என்னைக் கேட்டாள். சரிதான் என்றேன். மறுநாளும் கேட்டாள். இரண்டு வருஷம் கழித்து ராஜம் கண்ணை மூடினாள். கடைசி மூச்சு வரைக்கும் தங்கையோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதற்குப் பிறகு ஆனி பிறந்து திருவிழா நெருங்கினால் சுந்தரி வீடு வீடாகப் போவாள். வயசானவர்களை உட்கார வைத்துச் சொல்வாள்: “யாருகிட்டயும் சொல்லாதேன்னு எவன் சொல்றானோ, அவனப் பத்தி மொதல்ல எல்லார்கிட்டயும் சொல்லுங்க. பேரை நீங்களா எடுத்துக் குடுக்காதீங்க. அவன் வாயிலேர்ந்து வரட்டும்.” எங்கள் தெரு நூர் அகமதுவின் தாயார் ஒரு மோசக்காரனிடமிருந்து வளையலோடு தப்பித்தது இவளால்தான். ஆனால் தழும்பைப் பற்றிக் கேளுங்கள் என்று மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

எண்பத்தாறில் திருவிழாவுக்கு அவளோடு நானும் போனேன். சாமி ஊர்வலம் கடந்துபோயிற்று, மாடிகளிலிருந்து மாம்பழங்கள் விழுந்தன, ஜனம் முட்டிமோதியது. சுந்தரி எதையும் பார்க்கவில்லை. கோயில் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்த பரதேசிகளிடம் போனாள். முதலில் இருந்தவர் முன்னால் குனிந்தாள்.

“ஐயா, கோவிச்சுக்காதீங்க. நெத்தித் திருநீறைக் கொஞ்சம் தொடச்சுக் காட்டுங்க.”

“என்னடி இது, அசிங்கமா இருக்கு, வாடி!” என்று கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டாள். அவர் துடைத்துக் காட்டினார். வலது புருவத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. ஒரு பழத்தை அவர் திருவோட்டில் வைத்துவிட்டு, அடுத்தவரிடம் போனாள்.