பட்டை கட்டிய கரண்டி

போன வருஷம் பக்கவாதம் வந்து என் வலது கையை முடக்கிப் போட்டது. வாயை மட்டும் விட்டுவிட்டது. கையை விட்டுவிட்டு வாயை எடுத்திருக்கலாமே என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. கேட்டால் ஒருத்தரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

ஸ்ரீரங்கத்தில், காவிரிக்குக் குளிக்கப் போகிற வழியில், வீட்டு வாசலிலேயே எனக்கு இட்லிக்கடை. நான் படுத்ததும் மருமகள் தனியாகப் பார்த்துக்கொண்டாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து சட்னியில் உப்பு போதாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குக் கை தேவையில்லை. ஆனாலும் நான் பரிமாறாத கடை எனக்கு யாரோ வீட்டுக் கல்யாணம்போல் இருந்தது.

ஒரு காலையில் பொறுக்காமல் எழுந்துபோய், தினமும் வருகிற ரிட்டயர்டு வாத்தியாரின் இலையில் இடது கையால் சாம்பார் ஊற்றினேன். அவர் என் கையைப் பார்த்தார்.

"இன்னிக்கு என்னமோ பசியே இல்லீங்கம்மா," என்று இலையை மடித்தார்.

அவர்மேல் கோபம் வரவில்லை. எனக்கு யாராவது இடது கையால் ஊற்றியிருந்தால் நானும் மடித்திருப்பேன். உள்ளே போய்ச் சாயங்காலம்வரை வாய் திறக்காமல் படுத்திருந்தேன். அதைப் பார்த்துத்தான் மருமகள் பயந்துபோனாள்.

அவள் ரவிக்கை தைக்கிறவள். இஞ்சு டேப்போடு வந்தாள்.

"அத்தை, கையைக் காட்டுங்க."

"தொங்குற கைக்கு எதுக்குடி அளவு?"

"தொங்குற கைக்குத்தான் தைக்கப் போறேன்."

பேத்தியின் பழைய ஸ்கூல் பையிலிருந்து, கர்ரென்று பிரித்து ஒட்டுகிற பட்டையை வெட்டி, என் உள்ளங்கையோடு கரண்டிக் காம்பைச் சேர்த்துக் கட்டினாள். என் மணிக்கட்டு திரும்பாது. அதனால் காம்பைப் பட்டறையில் கொடுத்து வளைத்து வாங்கி வந்தாள். சாம்பார் வாளியை ஸ்டூல்மேல் ஏற்றி இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்தாள். இடது கை அடியில் தாங்கும். ஊற்றுவது வலது கை. சாமிக்கும் வாத்தியாருக்கும் அது போதும்.

முதல் நாள் குறி தவறியது.

"நான் இட்லிக்குத்தாங்க சாம்பார் கேட்டேன். வேட்டிக்குக் கேக்கலீங்களே!" என்றார் வாத்தியார்.

"வேட்டிக்கு நான் காசு வாங்கறதில்லீங்க," என்றேன். சிரித்துவிட்டுச் சாப்பிட்டார். இலையை மடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் ரப்பர் பந்தைக் கொடுத்து, அமுக்குங்க பாட்டி, அமுக்குங்க பாட்டி என்பாள். பந்தை அமுக்கி யாருக்குப் பசி ஆறும்? கரண்டி அப்படியில்லை. எதிரில் இலை காத்திருக்கும். வெட்கத்துக்காவது கை வேலை செய்யவேண்டும். மாசி போய்ப் பங்குனி பிறந்தபோது கட்டைவிரல் காம்பைத் தானாகப் பற்றியது. மருமகள் பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தித் தைத்துக்கொண்டே வந்தாள். என்னிடம் சொல்லவில்லை, கள்ளி.

போன வாரம் பட்டையே இல்லாமல் கரண்டியை எடுத்தேன். பாதிச் சாம்பார் வாளியிலேயே விழுந்தது. மீதி கரண்டியில் நின்றது.

மருமகளை முகத்துக்கு நேரே புகழ்ந்து எனக்குப் பழக்கமில்லை. கூட்டம் கலைந்ததும் பெஞ்சைக் காட்டி, "உக்காருடி," என்றேன். இத்தனை வருஷத்தில் அவள் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. இலை போட்டு, இட்லி வைத்து, வலது கையால் கரண்டியைத் தூக்கினேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே இலையை முன்னால் தள்ளினாள்.

"அத்தை, புதுச் சேலை. பாத்து ஊத்துங்க."